கோடும் பூச்சியமும்

ஐப்பசியில் எனக்கு
தண்ணீர்த் தாங்கியின் நிழல்தான் கந்தோர்.
வெள்ளவத்தை, எட்டாம் மாடிக்கும் மேலே,
தார் சுடத் தொடங்கும் ஒன்பது மணி.

முகத்துவாரத்திலிருந்து ரிஸ்மினா அழைப்பாள்:
"நாலு பூனைப்பருந்து, கடலோரமா உங்கட பக்கம்."
இருபது நிமிடத்தில் மூன்று வரும்.
மூன்று என்றே எழுதுவேன்.
செம்பருந்துகளைச் சேர்ப்பதில்லை,
அவை மீன்கடைக்கு அன்றாட வாடிக்கை.

2006: முப்பத்தெட்டு.
2007: நாற்பத்தொன்று.
2008: ஒரு கோடு.

வந்தவர்கள் தொலைநோக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.
"வடக்கிலிருந்து வருவதையா எண்ணுகிறாய்?"
ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?
பதினொரு மாதம் கழித்து
ஒரு வில்லை வெடித்துத் திரும்பி வந்தது.

கணக்கைக் கணினியில் ஏற்றித் தந்த பெடியன்
அந்த இடத்தில் பூச்சியம் போட்டிருந்தான்.
அழிக்கச் சொன்னேன்.
பூச்சியம் என்றால், பார்த்தேன், வரவில்லை.
கோடு என்றால்
வந்திருக்கும். பார்க்க விடவில்லை.

இப்போது பதினேழு, பன்னிரண்டு, ஒன்பது.
தேய்வது பறவையா,
கடற்பக்கம் எழும்பிய கட்டடங்கள் தின்ற வானமா?
அதற்கும் ஒரு நிரல் கீறி வைத்திருக்கிறேன்:
கை நீட்டிச் சாண் போட்டு அளந்த ஆகாயம்.
அன்று பதினாறு சாண்.
இன்று ஏழு.

சற்றுமுன் முப்பதாம் மாடிக் கண்ணாடியில்
ஒரு வல்லூறு சரிந்து திரும்பியது.
எதிரே இன்னொன்று, அதே சரிவு.

"ரிஸ்மினா, அங்கால போனது ஒண்டா ரெண்டா?"
கேட்க வேண்டும்.
மணி போய்க்கொண்டே இருக்கிறது.
பென்சில் இன்னும் தாளைத் தொடவில்லை.