ரேகை பதியாத கை

இயந்திரம் மூன்று முறை என் விரலை மறுத்தது.
டொலீடோ கண்ணாடி ஆலையில் பத்தொன்பது வருடம்,
ரேகையெல்லாம் அங்கேயே தேய்ந்துவிட்டது என்றேன்.
"அப்புறம் நீங்கள் நல்லவர் என்று
எதை வைத்துச் சொல்வது, மிஸஸ் ஷிமான்ஸ்கி?"
கவுண்டர் பெண் சிரித்தாள்.

பிறகு எட்டு மணி நேர வகுப்பு.
ரப்பர் பொம்மையின் மார்பில் முப்பது அழுத்து, இரண்டு மூச்சு.
மாத்திரை கொடுக்கத் தனிச் சான்றிதழ்.
கார் இன்சூரன்ஸ், கையெழுத்து, மறுபடி கையெழுத்து.
ஆலை மூடிய ஏப்ரலில் விண்ணப்பித்தது,
அக்டோபரில்தான் எனக்கென்று ஓர் எண் வந்தது.

முதல் நாள் ஆர்லோ கதவைத் திறக்கவில்லை.
இரண்டாம் நாள் திறந்தார்,
என் ஷூவைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.
மூன்றாம் நாள் வேறு ஷூ போட்டுப் போனேன்.

நாற்பத்தொரு வயது. சட்டையில் ஏழு பொத்தான்.
முதல் பொத்தானுக்கே என் கை பறக்கிறது.
நிமிடத்துக்கு நாற்பது பாட்டில் பார்த்த கை,
சும்மா இருக்க அதற்கு
எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.
இரண்டையும் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்தேன்.
காபி ஆறியது.
நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்க
அவர் துளையைத் தேடிக்கொண்டிருந்தார்.
பஸ் போய்விட்டது.

தினப் படிவத்தில் மூன்று கட்டம்:
உதவி பெற்றார், மறுத்தார், தானே செய்தார்.
கடைசியில் குறியிட்டு ஓரத்தில் எழுதினேன்:
இருபத்திரண்டு நிமிடம்.
நான்காவது பொத்தான் ஐந்தாவது துளையில்.
அப்படியே கிளம்பினோம்.

படிவத்தில் இடம் போதாமல் விட்டது:
அடுத்த பஸ்ஸில் ஒரு பெண்மணி
ஐயோ பாவம் என்று அதைச் சரிசெய்யக் கை நீட்டினாள்.
ஆர்லோ குனிந்து
அவள் ஷூவைப் பார்த்தார்.