மணல் போட்ட எண்ணெய்

"மணலா? என் வண்டிக்குள்ளயா?"
நீட்டிய சாவியைச் சட்டைப்பைக்குள் திரும்பப் போட்டார்
சீனி நூர்தீன்.
கீழக்கரைக்கும் தனுஷ்கோடிக்கும் ஆறு வருடமாய்
ஹைப்ரிட் டாக்சி.
சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும்
மிதியடியை உதறுவார், வடிகட்டியைத் தட்டுவார்,
அப்புறம்தான் டீ.

மணல்தான், ஆனால் இந்த மணல் இல்லை என்றேன்.
பல்லில் நெறிபடாது, கண்ணில் உறுத்தாது.
ஒரு தலைமுடியின் குறுக்கே
ஆயிரம் பேர் நெருக்கிப் படுக்கலாம், அவ்வளவு சிறிய சிலிக்கா.
கம்ப்ரசர் எண்ணெயில் கலந்தால்
இரும்பு இரும்பை உரசும் இடத்துக்குப் போய்க்
கீறலை நிரப்பும்,
உருண்டு கொடுக்கும்.
உரசல் குறைந்தால் கரண்ட் மிச்சம்.

"எண்ணெய்ல மண்ணு விழுந்தா எஞ்சின் மவுத்து"
என்றார்.
ஷாக் அடிக்குமா என்றும் கேட்டார். நல்ல கேள்வி.
இருநூறு வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர்;
எண்ணெய் கரண்ட்டைக் கடத்தினால்
வண்டி நடுரோட்டில் படுத்துக்கொள்ளும்.
சோதித்துவிட்டேன், கடத்தாது என்றேன்.
சாவி கிடைத்தது,
என் படிப்பை நம்பி அல்ல,
நாள்வாடகையை நம்பி.

அரிச்சல்முனை. மே மாதம். மதியம் ஒன்றரை.
நிற்கும் வண்டியில் குளிருக்குக் கூலி கொடுப்பது பேட்டரி.
அது வற்றியதும் எஞ்சின் தானாக எழும்.
ஓர் உறுமலுக்கும் அடுத்ததற்கும் நடுவே
எவ்வளவு நேரம் கடல் மட்டும் கேட்கிறது?
அதைத்தான் அளக்கிறேன்.
ஆய்வறிக்கையில் அதற்கு மூன்று வரிப் பெயர்.

பழைய எண்ணெயில் ஒன்பது நிமிடம் இருபது நொடி.
மணல் எண்ணெயில் பத்து நிமிடம் ஐந்து.
"முக்கா நிமிசம்" என்றார் நூர்தீன்.
"இதுக்கு மூணு வருசமா?"

மறுநாள் அருப்புக்கோட்டைச் சவாரி.
மற்றவர்கள் முனையைப் பார்க்க நடந்துவிட்டார்கள்.
பின்சீட்டில் ஒருத்தி மட்டும்,
மடியில் காய்ச்சல் பிள்ளை, அப்போதுதான் உறங்கியது.
முன்சீட்டில் நான், கையில் கடிகாரம்.
ஒன்பது இருபது கடந்தது.
பிள்ளையின் விரல்கள் அவிழ்ந்தன.
ஒன்பது ஐம்பதில் அவளும் கண்ணை மூடினாள்.
பத்து ஐந்தில் எஞ்சின்.
பிள்ளை வீறிட்டது.
அதை எந்தக் கட்டத்தில் எழுத?

சந்தோஷமாய்த்தான் இருந்தேன்,
சாயங்காலம் நூர்தீன் வாய் தவறும் வரை.
"எண்ணெய் மாத்துன அன்னிக்கு
முன்னாடி ஜல்லடையையும் கழுவுனேன்மா.
உப்பு வெள்ளையா ஒட்டிக் கிடந்துச்சு.
விலைக்கு வாங்குன தண்ணி, ரெண்டு குடம்."

கண்டென்சரை.
என்னிடம் சொல்லாமல்.
வெப்பம் வெளியேறும் வழியைத் திறந்துவிட்டிருக்கிறார்.
அந்த நாற்பத்தைந்து நொடியில்
மணலுக்கு எத்தனை, குடத்துக்கு எத்தனை?

கோபப்பட முடியவில்லை.
குடத்தின் விலையையும் கணக்கில் எழுதினேன்.

இப்போது கம்ப்ரசரில் மறுபடி பழைய எண்ணெய்.
கச்சான் காற்று வீசுகிறது.
வண்டியைக் கடலுக்கு முகம் காட்டி நிறுத்தி
உப்பு ஏறட்டும் என்று காத்திருக்கிறோம்.
நான்கு நாளாக அவர் எதையும் துடைக்கவில்லை.
கை துணியைத் தேடுகிறது;
என்னைப் பார்த்துவிட்டு
பைக்குள் போய் ஒளிகிறது.