மடிப்புக்குள் இரண்டு எழுத்து

துரோம்சோவில் டிசம்பர் மாதம்
நண்பகலுக்கும் விளக்குப் போட்டாக வேண்டும்.
மூன்றாம் தளம், அரிய ஏடுகள் பிரிவு.
ஈரப்பதம் ஐம்பது, வெப்பம் பதினெட்டு.
சம்பளம் எனக்கு,
சௌகரியம் அவற்றுக்கு.

பாதிரியார் யென்ஸ் மோர்க்வெட்
ஸ்டோர்ஹோல்மன் தீவில் ஒன்பது ஆண்டு எழுதிய
காற்றுக் குறிப்பேடு.
தேதி, திசை, அலையின் உயரம்,
தையலோரம் ஒடுங்கிய ஒரு பத்தி:
இங்கென் கொம்.
யாரும் வரவில்லை.

வடமேற்குக் காற்று. யாரும் வரவில்லை.
பனிமழை. யாரும் வரவில்லை.

நான்தான் முதலில் வாசித்தவன்.
'தனிமையின் ஆவணம்' என்று
அட்டவணையில் எழுதியவனும் நான்தான்.
அதன்மேல் ஒரு கட்டுரை, கட்டுரைக்கொரு பதவி உயர்வு,
பெர்கனில் ஓர் உரை;
முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.
ஒன்பது ஆண்டில் வந்தவர் ஏழே பேர்.
பெயரோடு குறித்திருந்தார், பாவம்:
யாக்கொப் வந்தான். ஓலே வந்தான்.
ஒரே நாளில் நீல்ஸும் அவன் மகனும் வந்தார்கள்.
அந்த ஏழு பேருக்கும் என் கட்டுரையில்
அடுப்பு மூட்டினேன், மீன் சூப் ஊற்றினேன்,
ஈரக் காலணிகளை
வாசலில் கழற்ற வைத்தேன்.

பிறகு தோருன் வந்தாள், பழுதுபார்க்க.
பிரஷ், எலும்புக் கத்தி, பல் டாக்டரின் கொக்கி ஒன்று.
அதிகம் பேசமாட்டாள்.
பசை காயும்வரை வானொலியில்
பனிச்சறுக்குப் போட்டி கேட்பாள்.
இரும்பு மை தாளைத் தின்ற இடங்களில்
கண்ணிமை கனத்தில் ஜப்பான் காகிதம் ஒட்டினாள்.
எழுதியவர் போய் எழுபது வருஷம் கழித்து
எவனோ ஒரு பைண்டர்
இறுக்கித் தைத்துத் தொலைத்திருக்கிறான் என்றாள்.
நூலை அறுத்தாள்.
முதுகு விட்டுக் கொடுத்தது. தாள் மல்லாந்தது.
மடிப்பிலிருந்து கொஞ்சம் மணல் உதிர்ந்தது,
மை உலர அவர் தூவிய மணல்.
அதைக் குப்பியில் அடைத்து எண் போட்டாள்.
அப்புறம்,
'இங்கே வா' என்றாள்.

இரண்டே எழுத்து.
ஒம்.
இடம் போதாமல் சொல்லை உடைத்து
முன்பாதியை வரிக்கடையில் வைத்திருக்கிறார்.
அதைத் தையல் விழுங்கிவிட்டது.
பின்பாதி அடுத்த வரியில்
ஒன்றும் அறியாததுபோல் நின்றது.
கொம் என்றால் வந்தார்.
ஒம்கொம் என்றால் மாண்டார்.

வடமேற்குக் காற்று. யாரும் மாளவில்லை.
பனிமழை. யாரும் மாளவில்லை.
மூவாயிரத்துச் சொச்சம் நாள்
நன்றி சொல்லிக்கொண்டிருந்த மனிதரை
ஆளில்லாத் தீவில் அழவைத்திருந்தேன்.

அந்த ஏழு பெயர்கள் பக்கம்
நாலு நாள் போகவில்லை.

போன வருஷக் கண்காட்சிக்கு
அந்தத் தீவிலிருந்து யூரிட் வந்திருந்தாள்,
ஒரு படகு, இரண்டு பஸ் மாறி.
ஓலே அவள் வம்சத்தில் ஏழு தலைமுறைக்கு முன்னவர்.
பேழையின் கண்ணாடிமேல் விரல் வைத்துப்
பெயரைத் தொட்டாள்.
'அந்தக் குளிர்காலம் முழுக்க
பாதிரியாரைப் பார்க்கப் போன ஒரே ஆள்
உங்கள் ஓலே' என்றேன்.
எவ்வளவு பெருமையாய்ச் சொன்னேன்.

அவளுக்கு எழுத வேண்டியிருந்தது.
மூன்று கடிதம் கிழித்தேன்.
நாலாவதில், மடிப்புத் தெரியும்படி எடுத்த
புதுப் படங்களை மட்டும் வைத்து, கீழே இரண்டு வரி.

பதில் வந்தது:
'அவர் மூழ்கியது எங்களுக்குத் தெரியும்.
கல்லில் பெயர் உண்டு, கீழே உடல் இல்லை.
போகிற வழியில் படியேறி
ஒரு கிண்ணம் சூப் குடித்துவிட்டுப் போனாராக்கும் என்று
உங்களால் ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தோம்.
அம்மாவிடம் சொல்லப்போவதில்லை.'

பழைய குறிப்பை அழிக்க விதி இடம் தராது.
அடியில் திருத்தம் சேர்க்கலாம்.
சேர்த்தேன், தேதி போட்டு, என் பெயரும் போட்டு.
தோருன் மறுபடி தைக்கிறாள்,
இம்முறை தளர்வாக.
குப்பியில் என்ன எழுத என்று கேட்டாள்.
'மணல். மோர்க்வெட் ஏடு. பதினோராம் மடிப்பு.'
கடற்கரை மணலா, கடையில் வாங்கியதா என்றேன்.
ஊசியை எடுக்காமல் சொன்னாள்:
'நீ மறுபடி ஆரம்பிக்காதே.'