இறங்காதவர்கள்

கைப்பட்டை இறுகும்போது பேசக்கூடாது.
முப்பத்தோர் ஆண்டாக நான் பிறருக்குச் சொன்னதை
இன்று எனக்குச் சொல்கிறாள் ஹுவீ லிங்.
காலைப் பின்னிக்கொள்ளாதீர்கள் டாக்டர்,
முதுகு நாற்காலியில் சாயட்டும்.

இடுப்பில் கருவி, கழுத்தைச் சுற்றிக் குழாய்.
நாளை இதே நேரம் வரை
அரைமணிக்கொரு தரம் கையைப் பிடித்துப் பார்க்கும்,
சந்தேகப் புருஷனைப்போல.

தூங்கினால் அழுத்தம் பத்தில் ஒரு பங்காவது இறங்கவேண்டும்.
இறங்காதவர்களுக்கு அட்டவணையில் ஒரு பத்தி உண்டு.
என் உத்தியோகம் முழுவதும்
அந்த ஒரு பத்திக்குள் நடந்தது.

தொண்ணூற்று நான்கில், ஊட்ரமில்,
துறைத்தலைவர் சொன்னார்:
ஆய்வில் பெண்களைச் சேர்க்காதே,
மாதாமாதம் கணக்கைக் கலைப்பார்கள்.
கலைந்தால் கலையட்டும் என்று
தோ பாயோவில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில்
சனிக்கிழமைதோறும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன்.
முதல் வாரம் இரண்டு பேர்.
ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

மற்றவர் திருமதி யாப்.
ஷென்டன் வேயில் பதினேழு மாடிக் கழிவறைகள் அவர் பொறுப்பு.
பகலில் நூற்று இருபத்தெட்டு, குறைசொல்ல ஒன்றுமில்லை.
இரவு இரண்டு மணிக்கு நூற்று அறுபத்தொன்று.
அந்நேரம் என்ன செய்தீர்கள் என்ற கட்டத்தில்
தூக்கம் என்று இருந்தது.
ஓரத்தில், பென்சிலில், சீனத்தில் ஏதோ கிறுக்கல்;
தாதி படித்துச் சொன்னாள்:
மகன். கதவு.

என் கட்டுரை எதிலும் அந்த இரண்டு சொல் இல்லை.
எங்கே போடுவதென்று தெரியவில்லை.
அதற்கு அலகு கிடையாது.

இரண்டாம் பிள்ளைக்குப் பிறகு வேலையை விட்டாள் மெஹ்ருன்னிசா.
வியாழன் மதியங்களில் தொலைபேசியில் எண்களை வாசிப்பேன்.
குக்கர் விசிலுக்கு மேலே கத்துவாள்:
நாற்பத்தோராவது ஆள் இரண்டு தடவை வருகிறாள், பாருங்கள்.
பார்த்தேன். வந்திருந்தாள்.
கட்டுரையில் முதல் பெயர் மெஹ்ருன்னிசாவுடையது.
நிறுவனம் என்ற இடத்தில்
ஈசூன் புளோக் எண்ணையும் மாடியையும் போட்டோம்.
திருப்பி அனுப்பிக் கேட்டார்கள்.
திரும்பவும் அதையே போட்டோம்.

நான் சொல்லிக்கொடுத்ததில் தப்பும் உண்டு.
கோப்பி கேட்டால் கொடுத்துவிடு, பிறகு பேசு,
இது என் காலத்து உபாயம்.
இளவெயினி அதைக் கேட்கவில்லை.
கருத்தரங்கில் யாரோ ஒரு பேராசிரியர்
அவளைப் பார்த்து இரண்டு கோப்பி என்றதும்
அவர் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்து
எனக்குக் கோப்பி ஓ கொசோங் என்றாள்.
நாற்பது பேர் இருந்த அறையில்
என் நாடி என் காதுக்குக் கேட்டது.

மூன்று மணி பத்து நிமிடம்.
கருவி முனகி இறுகுகிறது.
ஹுவீ லிங்குக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
கடின உழைப்பாளி. அடித்தேன்.
பெண்களுக்கெல்லாம் அதைத்தான் எழுதுகிறோம்,
பையன்களுக்கு மேதை.
பொறுமைசாலி. அதையும்.
பிறகு:
நான் பத்து வருடம் பயன்படுத்திய பட்டையின் அளவு தவறென்று
என் முகத்துக்கு நேரே நிரூபித்தவள்.
இருந்துவிட்டுப் போகட்டும்.
கீழே முதல் பேருந்துக்கு இன்னும் நேரமிருக்கிறது.

மறுநாள் திரையைப் பார்க்கிறாள்.
மூன்று பத்துக்கு நூற்று அறுபத்து நான்கு.
குறிப்பேட்டில் ஒன்றுமில்லையே, என்ன செய்தீர்கள்?
தூங்கிக்கொண்டிருந்தேன்.
அவள் நிமிரவில்லை.
ஐந்து மில்லிகிராம் என்று எழுதுகிறாள்.
நானாயிருந்தால் இரண்டரையில் தொடங்குவேன்.
சொல்ல வாயெடுத்தேன்.
எதற்கும் இன்னொரு தரம் பார்த்துவிடலாம் என்று
பட்டையை இறுக்கத் தொடங்கியிருந்தாள்.