சான்றாவணம் மூன்று

பதினோரு வருடமாய் அந்தப் போட்டோவை
உப்பளம் என்றே சொல்லி வந்தோம்.
இடுப்புயரத்துக்கு வெள்ளைக் குவியல்,
அதில் குத்தி நிறுத்திய மண்வெட்டி,
பக்கத்தில் நெய்னா மம்மது,
வாப்பாவின் வாப்பாவைப் பெற்றவர்.
அவருக்குப் பின்னால் இன்னும் வெள்ளை.
வாலிநோக்கத்தில் வேறென்ன இருக்கும் அவ்வளவு வெள்ளையாய்?

காக்கா நகலெடுத்து லேமினேட் செய்து
ராமநாதபுரம் கோர்ட்டில் வைத்தார்.
எங்கள் பூட்டன் பாத்தி கட்டிய இடம்,
நூறு வருட அனுபவம்,
இடக்காலில் மூன்று விரலை உப்பு தின்றது,
ஊரறியும், என்று மனு.
எதிர்க்கட்சி வக்கீல் பூதக்கண்ணாடி கேட்டார்.
ஓரத்தில் ஒரு நாய் நிற்கிறதே,
இவ்வளவு மயிரோடு நம் பக்கம் நாய் ஏது என்றார்.
சிரிப்பு. வாய்தா.
அடுத்த தடவை அசல் வரவேண்டும் என்று உத்தரவு.

அசலுக்காகத்தான் மச்சில் ஏறினேன்.
கச்சான் அடிக்கிற மாதம்,
தொட்டதெல்லாம் பிசுபிசுப்பு.
தகரப்பெட்டியின் மூடி துருவில் ஒட்டிக்கொண்டு
கரண்டிக்காம்பு வைத்து நெம்பியதில் திறந்தது.

கப்பல் கம்பெனிச் சீட்டு:
வேலை, கொதிகலனுக்குக் கரி தள்ளுவது.
குறுக்கே சிவப்பு மையில்
துறைமுகத்தில் இறங்கினான், திரும்பவில்லை.
பொன் தோண்ட ஒரு லைசென்ஸ்.
பெயர், நினா மாமட்.
எழுதியவன் குமாரி என்று தொடங்கி
நிமிர்ந்து ஆளைப் பார்த்திருக்க வேண்டும்,
அடித்திருக்கிறான்.
பிறகு ஒரு கடை ரசீது.
மாவு, அவரைக்கொட்டை, உப்பு கால் மூட்டை,
விலைக்கு நேரே பொன்தூள் இவ்வளவு என்று.

கீழக்கரையான் ஒருவன்
பொன் நிறுத்துக் கொடுத்து உப்பு வாங்கியிருக்கிறான்.
இதை வாலிநோக்கத்தில் சொன்னால்
அளத்துப் பெண்கள் வாருபலகையைப் போட்டுவிட்டு
பாத்தியிலேயே உட்கார்ந்து சிரிப்பார்கள்.

அடியில் கடிதம். அரபுத்தமிழ்.
அந்த எழுத்து எங்கள் வீட்டில் பெண்களோடு நின்றது,
காக்காவுக்கு ஓடாது.
மடிப்பில் பூச்சி தின்றது போக மிச்சம்:

"...நாலு மாதமாய்க் கடல் பார்க்கவில்லை.
பொன் உண்டு. அடுத்தவன் பல்லில் பார்த்தேன்.
ஏற்றத்தில் ஒரு குதிரை விழுந்து கிடந்தது,
எல்லோரும் அதன்மேல் கால்வைத்து ஏறினார்கள்,
நானும்தான்.
கால்விரல்களைக் கேட்காதே.
படக்காரனுக்கு இரண்டு ரொட்டி கொடுத்து
இதைப் பிடித்து அனுப்புகிறேன்.
சுற்றி இருப்பதைப் பார்த்து
நம் பக்கத்து அளம் என்று நினைத்துவிடாதே, பாத்துமுத்து.
இறங்கிய அன்று நானும் அப்படி நினைத்து
விரலால் எடுத்து நாக்கில் வைத்தேன்.
ஒரு ருசியும் இல்லை,
தண்ணீராய்ப் போய்விட்டது..."

கிடைத்ததா என்று கீழேயிருந்து காக்கா.
செவ்வாய்க்கிழமை வாய்தா.
வக்கீல் பீஸுக்கு அவர் வைத்தது என் வளையலையும் சேர்த்து.
ஜெயித்தால் அளத்தில் மூன்றில் ஒன்று எனக்கு.

கிடைத்தது என்றேன்.
ரசீதையும் கடிதத்தையும்
ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன்.
போட்டோவை அவர் வெளிச்சத்தில் பிடித்து
நாயைத்தான் முதலில் பார்த்தார்.
ஆடாகவும் இருக்கலாம் என்றார்.
இருக்கலாம் என்றேன்.

அவர் தெருமுனை தாண்டிய பிறகு
அதைப் பிடித்திருந்த விரலை
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
கரித்தது.