ஏழாம் எண் குடில்

கூலியில் பாதிதான் பணமாக வந்தது.
மீதிக்கு இரண்டு இரவுகள், காலைச் சாப்பாட்டோடு.
மீன் பதனிடும் கூடத்தின்
பழைய தொழிலாளர் குடில்கள் பதினொன்றையும்
டொராண்டோவிலிருந்து வந்து வாங்கிப் புதுப்பித்த
ஹாலிங்கர் அம்மாள்
அட்டையில் எழுதித் தந்திருந்தாள்:
"லெயாந்தருக்கும் துணைவிக்கும்."
என் பெயரைக் கேட்டிருக்கலாம்.

அக்டோபர் கடைசி. வேறு விருந்தாளிகள் இல்லை.
எங்கள் வீட்டிலிருந்து காரில் பன்னிரண்டு நிமிடம்.
இதற்குப் பெட்டி எதற்கு என்றான்.
நீலப் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.
ஊருக்குப் போகிறவள் பெட்டியோடுதான் போவாள்.

கதவைத் திறந்ததும்
எனக்குக் கடல், அவனுக்குக் கழிவறை.
தொட்டிக்கு அடியில் மண்டியிட்டு டார்ச் அடித்து
"கசியல" என்றான்,
பாதிரியார் மன்னித்து அனுப்பியவன் போல.

வெள்ளைப் பலகைச் சுவர், வெள்ளைத் திரை,
யாரோ பொறுக்கி வைத்த கூழாங்கற்கள் ஒரு கிண்ணத்தில்.
சட்டமிட்ட படத்தில்
ஏப்ரன் கட்டிய பெண்கள், கையில் கத்தி.
ஒருத்தியும் சிரிக்கவில்லை.
நாற்றம் மட்டும் எங்கும் இல்லை.
அதற்குத்தான் இவ்வளவு செலவு போலிருக்கிறது.

வெளியே வற்றம்.
பாசி, சேறு, கவிழ்ந்த இறால் கூண்டு ஒன்று.
எங்கள் விரிகுடாவில் கடல்
சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடும்.
ஆறு மணி நேரம் கழித்து
ஒன்றுமே நடக்காதது போல வாசலில் வந்து நிற்கும்.

கொண்டுவந்த ராப்பூரைச் சூடாக்கிச் சாப்பிட்டோம்.
உருளைக்கிழங்கு இன்னும் துருவியிருக்கலாம் என்றான்.
விளக்கை அணைத்த பிறகு
சுவருக்குள் டிக்.
கொஞ்சம் விட்டு, டிக்.

"என்ன அது?"
"ஸ்பேனர். பன்னிரண்டாம் நம்பர்.
சுவரை மூடின பிறகுதான் பெட்டியில இல்லைன்னு தெரிஞ்சுது.
வடமேற்குக் காத்தடிச்சா குழாயில தட்டும்."
"அவளிடம் சொன்னாயா?"
"சொன்னா உடைக்கணும்."

புரண்டு படுத்துக்கொண்டே சொன்னான்,
"தலையணையச் சுவர்ப்பக்கம் போட்டுக்கோ.
எட்டரைக்கு வெயில் நேரா கண்ணுல விழும்."

பகலில் வந்து இரவில் வீடு திரும்புகிற ஆளுக்கு
படுத்திருப்பவள் கண்ணில் விழும் வெயில்
எப்படித் தெரியும்?

பிப்ரவரியில் பத்தொன்பது நாள் அவன் வீட்டில் இல்லை.
சண்டை எதற்கென்று சொன்னால் சிரிப்பீர்கள்.
சிரிக்கிற விஷயமில்லை.
யார்மத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன் என்றான்.
ஈஸ்டருக்கு முன்பு கடையில் பார்த்த அண்ணி
"கிறிஸ்துமஸோடு சரி, உங்கள் இருவரையும் காணவேயில்லை" என்றாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
நானே ஒருத்தியைச் செய்துகொண்டேன்:
வங்கி லூசெட், சிவப்பு பூட்ஸ்.
எத்தனை மாதம் வெறுத்தேன் அவளை!
பாவம், கார் கடனுக்கு
எத்தனை படிவம் நிரப்பித் தந்தாள்.

இங்கேதான்.
சுவர் இல்லாத இந்த அறையில்,
கண்ணாடிப் பஞ்சுச் சுருள்கள் மேல்,
கோட்டோடு.
பன்னிரண்டு நிமிட தூரத்தில்.

டிக்.

"குளிராக இருந்ததா?" என்றேன்.
எப்போது என்று அவன் கேட்கவில்லை.
வெகு நேரம் கழித்து
"தண்ணி வரல" என்றான்.
"அப்போ இணைக்கல."

மறுநாள் மூடுபனி.
அதற்கடுத்த நாள் எட்டரைக்கு
வெயில் நேராகக் கண்ணில் விழுந்தது.
தலையணையை நான் நகர்த்தியிருக்கவில்லை.
கண்ணை மூடிக்கொண்டு
அந்தச் சிவப்புக்குள் கொஞ்ச நேரம் கிடந்தேன்.
பத்தொன்பது காலைகள் இதே வெயில்.

விருந்தினர் ஏட்டில் முதல் பக்கமே காலியாக இருந்தது.
"எல்லாம் நன்றாக இருந்தது.
ஏழாம் எண்ணில் இரவில் ஏதோ தட்டும்.
தட்டட்டும். சுவரைத் தொட வேண்டாம்" என்று எழுதி
கீழே பெரிதாக
என் பெயரைப் போட்டேன்: எல்மீர்.

பெட்டியை அவன் தூக்கிக்கொண்டான்.
கடல் படிக்கட்டு வரைக்கும் வந்து
நின்றுகொண்டிருந்தது.
எங்கே போயிருந்தாய் என்று
யாரும் அதைக் கேட்கவில்லை.