பழைய திறப்பு

திருநெல்வேலிச் சந்தையடி, பன்னிரண்டரை வெயில்.
கையில் பாரைமீன்.
திறப்பு கத்தரிக்காய்க் குவியலுக்குள்ளோ
மீன்காரியின் ஐஸ் பெட்டிக்குள்ளோ,
ஆர் கண்டது.

சப்ரான் மோட்டார் சைக்கிளில் வந்தான்,
முதுகில் கணினி, பின்சீற்றில் வெட்டுகிற மெசின்.
"கார் உங்கடைதானே அக்கா? புத்தகம்?"
புத்தகம் காருக்குள்.
இரண்டுபேரும் கண்ணாடியில் நெற்றி முட்ட
எட்டிப் பார்த்தோம், களவெடுக்க வந்த ஆக்கள் மாதிரி.

கம்பி விட்டான். கார் ஊரைக் கூட்டியது.
பூசணிக்காய்க்காரர் வெட்டுக்கத்தியோடு எழும்பி
என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப இருந்தார்.

புத்தகத்தில் என் பெயரைப் பார்த்தான்,
கீழே இன்னொரு பெயரையும்.
"வேற திறப்பு இருக்கோ?
கையில இல்லாததை அழிச்சுவிடுறது நல்லம்."

இருக்கிறது ஒன்று,
ஸ்காபரோவில், ஒரு குளிர்ச்சட்டைப் பையில்,
நாலு மாரியாக.

பாரை மணக்கத் தொடங்கிவிட்டது.
அவன் விரல் திரைக்கு மேலே நிற்கிறது.

"அழிச்சா அங்க தெரியுமோ தம்பி?"

"எங்க?" என்றான். பிறகு, மெதுவாக,
"தெரியாது அக்கா.
இஞ்ச வந்து
அமத்திப் பாத்தாத்தான்."

"அப்ப அழியும்" என்றேன்.
பதினெட்டாயிரம் கேட்டான்.
எண்ணிக் கொடுத்த தாள்களில்
மீன் செதிள்.